மருந்து கொடுக்கிறவருக்கும் காய்ச்சல் வரும்

(தோட்டங்களிலிருந்து கொக்குவிலுக்கு வந்திருந்த சுகாதாரத் தொண்டர்கள், பிள்ளைக் காம்பரா ஆயாமார், குடும்பநல மருத்துவ மாதர் ஆகியோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். தோட்டத்துக் குடும்பங்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



மலைநாட்டிலிருந்து இரவிரவாக பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். களைப்பு ஒரு பக்கம், எங்கள் ஊர் வெயில் இன்னொரு பக்கம். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று நாங்கள் பேச வந்தது நோயாளியைப் பற்றியல்ல. நோயாளியைப் பார்க்கிற ஆளைப் பற்றி. அவருக்கே இன்புளுவன்சா வந்தால் என்ன நடக்கும், வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் பேச்சு.

நீங்கள் இப்போது இருக்கும் இந்தக் கொக்குவிலில், ஆடியபாதம் வீதியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. 1978 ஆம் ஆண்டு தொடங்கியது. உங்கள் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகளும் இங்கே படித்து டொக்டராகிப் போயிருக்கிறார்கள். 2020 இல் கொவிட் வந்தபோது, வடக்கில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளை இந்த மருத்துவ பீடத்து ஆய்வுகூடத்திலும் பரிசோதித்தார்கள். தினமும் முடிவு வரும் வரைக்கும் ஊரே காத்திருந்த காலம் அது. அப்போது கை கழுவவும் முகத்தை மூடவும் எவரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பயமே சொல்லித் தந்தது. பயம் போனது, பழக்கமும் கூடவே போய்விட்டது. வாசலில் கை கழுவ வைத்த பைப்புகள் இன்று பல இடங்களில் காய்ந்துபோய் நிற்கின்றன. இன்புளுவன்சா மட்டும் போகவில்லை. அது கொவிட்டுக்கு முன்னும் இருந்தது, இப்போதும் வருசா வருசம் வருகிறது.

"சும்மா தடிமன் தாங்க" என்று நீங்கள் சொல்வீர்கள். "எனக்கொண்டுமில்லை, சும்மா தடிமன்தான்" என்று இங்கே நாங்கள் சொல்வோம். சொல்லும் விதம்தான் வேறு, எண்ணம் ஒன்று. சாதாரண தடிமன் வேறு, இன்புளுவன்சா வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தடிமன் மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், ஆள் வேலைக்குப் போய் வரலாம். இன்புளுவன்சா திடீரென்று அடித்துப் போடும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் குளிர்காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி, வறட்டு இருமல் என்று சுருண்டு படுப்பார். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கிழமையில் சுகம் வந்துவிடும், இருமலும் அசதியும் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும். ஆனால் கர்ப்பிணித் தாய்மார், கைக்குழந்தைகள், வயதானவர்கள், தொய்வு (ஆஸ்துமா), சீனி வியாதி, இருதய வருத்தம் உள்ளவர்கள் ஆகியோரில் சிலருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 2009 இல் புதுவகை எச்1என்1 காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியபோது, இலங்கையிலும் கர்ப்பிணிகள் அதற்குப் பலியானார்கள்.

உங்கள் முன்னோர்கள் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி வந்த கதை உங்கள் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது அல்லவா? அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, கொலராவும் பிளேக்கும் வராமல் இருக்கப் பரிசோதித்த பிறகே அனுப்பினார்கள். அப்படியிருந்தும் 1918 ஆம் ஆண்டு உலகத்தையே சுற்றிவந்த பெரிய இன்புளுவன்சாவை எந்த முகாமும் தடுக்கவில்லை. கொழும்புத் துறைமுகம் ஒரு வாசல், தலைமன்னார் இன்னொரு வாசலாக இருந்திருக்கலாம் என்று அந்தக் காலத்து மரணக் கணக்குகளைப் பார்த்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1918, 1919 இரண்டு வருசத்திலும் இந்தச் சிறிய தீவின் சனத்தொகைக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 3 இலட்சம் என்பது அவர்கள் மதிப்பு. கொலரா வந்தவர் விழுந்து கிடப்பார், பார்த்தாலே தெரியும். இன்புளுவன்சா அப்படியல்ல. உடம்பில் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அது மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். சிறு பிள்ளைகளில் இன்னும் கூடுதல் நாள்.

இந்த "தெரியாமல் கொடுக்கிற" சங்கதிதான் நம் பேச்சின் நடுவேர். அதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். ஸ்கொட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்றொரு நகரம். 1993 கடைசியிலும் 1994 தொடக்கத்திலும் வந்த குளிர்காலத்தில் அங்கே இன்புளுவன்சா பரவியது. காலம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் 518 பேருடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 120 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 23 பேருக்கு, அந்தக் காய்ச்சல் வந்து போன அடையாளம் இரத்தத்தில் இருந்தது. அந்த 120 பேரில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 59 பேர், தங்களுக்கு இன்புளுவன்சா வந்ததாகவே நினைக்கவில்லை. நூற்றுக்கு 28 பேருக்கு ஒரு தடிமன், இருமல் வந்த ஞாபகம்கூட இல்லை! இவர்கள் எல்லோரும் நோயாளிகள் மத்தியில் நடமாடுகிறவர்கள். கட்டிலைத் திருப்பினவர்கள், மருந்து கொடுத்தவர்கள், குளிப்பாட்டினவர்கள். எவருக்காவது கெட்ட எண்ணம் உண்டா? இல்லை. தெரியாது, அவ்வளவுதான்.

சரி, இது டொக்டர்மாருக்கும் மிஸிமாருக்கும் உள்ள விஷயம், தோட்டத்தில் இருக்கிற எங்களுக்கு ஏன் என்று கேட்கலாம். சுகாதார ஊழியர் என்றால் வெள்ளைக்கோட்டுக்காரர் மட்டுமல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறவர் சுகாதார ஊழியர். லயத்துக்கு லயம் ஏறி இறங்கிப் பிள்ளைத்தாச்சியைப் பார்க்கிற மருத்துவ மாது சுகாதார ஊழியர். காலையில் ஆறு மாதப் பிள்ளையை வாங்கி, தாய் கொழுந்து எடுத்துவிட்டு வரும் வரைக்கும் மடியில் வைத்திருக்கிற ஆயாவும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்தான். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் தரை துடைக்க, நோயாளி தூக்கப் போயிருக்கும் உங்கள் பிள்ளைகளையும் விட்டுவிட முடியாது. அவர்கள் சித்திரை வருசத்துக்கும் தீபாவளிக்கும் வீடு வருகிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் எட்டுப் பேர் படுக்கிற வீட்டில், ஒருவர் கொண்டுவந்தால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். இலங்கையில் இந்தக் காய்ச்சல் வழக்கமாகக் கூடுவது இரண்டு தடவை: ஏப்ரல் தொடக்கம் யூன், யூலை வரை ஒன்று, நவம்பர் தொடக்கம் ஜனவரி அளவில் மற்றது. பண்டிகைக் காலங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இன்புளுவன்சா ஊசி போட முடியாது. அந்த வயதுக்கு ஊசியே இல்லை. அந்தப் பிள்ளைக்குள்ள காவல், அதைச் சுற்றி இருக்கிற பெரியவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பதுதான். தாய் கர்ப்பமாக இருக்கும்போது ஊசி போட்டிருந்தால், பிறந்த பிறகு சில மாதத்துக்கு அந்தக் காவல் பிள்ளைக்கும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் வருசா வருசம் இந்த ஊசியைப் போடச் சொல்கிறவர்களில் கர்ப்பிணிகளும் சுகாதார ஊழியர்களும் சேர்த்தி. எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் ஊசிப் பட்டியலில் இது இல்லை. தனியார் இடங்களில் காசு கொடுத்துப் போட வேண்டும். நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது சின்னக் காசு அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஊரெல்லாம் போடுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை. ஆனால் ஒரு தோட்டத்தில் மருத்துவ மாது, மருந்து கொடுப்பவர், ஆயாமார் எல்லோரையும் கூட்டினாலும் எத்தனை பேர்? கைவிரலுக்குள் அடங்குவார்கள். அந்தச் சிலருக்காவது தோட்ட நிர்வாகமோ சங்கங்களோ செலவை ஏற்றுக்கொள்ளலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். நீங்கள் திரும்பிப் போனதும் கேட்டுப் பாருங்கள்.

ஊசியைப் பற்றி இரண்டு கதை உலாவுகிறது. ஊசி போட்டதால்தான் காய்ச்சல் வந்தது என்பது ஒன்று. கையில் குத்துகிற வழக்கமான ஊசியில் இருப்பது உயிரில்லாத கிருமியின் துண்டு. அதால் இன்புளுவன்சா வராது. கை நோகும், சிலருக்கு ஓரிரு நாள் மேல் காயும், அவ்வளவுதான். காவல் உண்டாக இரண்டு கிழமை பிடிக்கும். அதற்குள் தொற்றினால் ஊசிமேல் பழி விழுகிறது. போன வருசம் போட்டேன், இனி வேண்டாம் என்பது மற்றது. இந்தக் கிருமி வருசா வருசம் சட்டையை மாற்றுகிற கள்வன். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருசத்தில் இரண்டு தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், அடுத்த காலத்துக்கு ஊசியில் எந்தெந்த வகையைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறது. ஊசி முழுக் காவலும் அல்ல. நன்றாகப் பொருந்திய வருசத்தில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை நோயைக் குறைக்கும் என்பார்கள். ஊழியருக்கு ஊசி போட்டால் நோயாளிக்கு நன்மை உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். அதே ஸ்கொட்லாந்தில் முதியவர்களைப் பராமரிக்கும் 20 ஆஸ்பத்திரிகளில், ஊழியருக்கு ஊசி கொடுத்த இடங்களில் அந்தக் குளிர்காலத்தில் இறந்த முதியவர்கள் நூற்றுக்கு 14 அளவு. கொடுக்காத இடங்களில் 22 அளவு. இந்தக் கணக்கு 2000 ஆம் ஆண்டு வெளியானது. அந்த வித்தியாசம் முழுவதும் ஊசியால் வந்தது என்று சொல்ல முடியாது என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் மறுத்தும் எழுதினார்கள். அதையும் சொல்லிவிடுகிறோம்.

ஊசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கையில் இருக்கிற காவல் ஒன்று உண்டு. காய்ச்சல் வந்த ஊழியர் வேலைக்கு வரக்கூடாது. கேட்க இலேசாக இருக்கிறது. செய்து பாருங்கள், அப்போது தெரியும்! எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். ஆள் பற்றாக்குறை, லீவு போட்டால் மற்றவர் முறைக்கிறார், பொறுப்பாளர் முகம் கறுக்கிறார். அதனால் இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு வேலைக்கு வருகிறோம். பெனடோல் சூட்டைக் குறைக்கும், தொற்றைக் குறைக்காது. காய்ச்சல் இல்லாத ஆள் போலத் தோற்றமளித்துக்கொண்டு வாட்டு முழுக்க நடமாட அது உதவி செய்கிறது. மருந்து எதுவும் எடுக்காமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள், 24 மணித்தியாலம், போன பிறகுதான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் இருமல் நிற்கும் வரைக்கும் முகக்கவசம் போட வேண்டும்.

தோட்டத்தில் இது இன்னும் கஷ்டம். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பிள்ளை பார்க்கிற ஆயா காய்ச்சலோடு வந்தால் குற்றம் ஆயாவுடையது என்று சொல்வது நியாயமாகாது. காய்ச்சலுக்கு நின்ற நாளுக்குச் சம்பளம் வெட்டுகிற இடத்தில் காய்ச்சல்காரர் வேலைக்கு வரத்தான் செய்வார். பிள்ளை காம்பராவில் ஒரு காய்ச்சல் பரவினால், பிள்ளையைப் பார்க்க எத்தனை தாய்மார் மலைக்குப் போகாமல் நிற்கிறார்கள், எத்தனை கிலோ கொழுந்து செடியிலேயே முற்றிப் போகிறது என்று கணக்குப் போட்டால், ஆயாவுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பது நிர்வாகத்துக்கும் இலாபம்தான்.

குடும்பங்களாகிய உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. டிஸ்பென்சரி பூட்டியிருந்தால், "எங்க போயிட்டாரு, சம்பளம் மட்டும் வாங்குறாரு" என்று ஏசுகிறோம். மருத்துவ மாது இன்று வரமாட்டார் என்றால் கோபப்படுகிறோம். காய்ச்சலோடு வந்து பிறந்த பிள்ளையைத் தொடுவதைவிட அவர் வராமல் நின்றது அந்தப் பிள்ளைக்குச் செய்த உதவி. இதை ஏற்றுக்கொள்கிற மனம் ஊருக்கு வந்தால்தான் ஊழியருக்கு வீட்டில் நிற்கத் துணிவு வரும். அதேபோல் உங்களுக்குக் கடும் இருமல் இருந்தால், டிஸ்பென்சரிக்குள் போய் மேசைக்கு மேல் குனிந்து நின்று இருமாமல், லேஞ்சியாலோ சேலைத் தலைப்பாலோ வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று கதையுங்கள். மருந்து கொடுக்கிறவர் படுத்தால் தோட்டத்துக்கே மருந்து இல்லை.

பிள்ளைக் காம்பராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆணியில் ஒரு துவாய் தொங்கும். அதே துவாயால் பத்துப் பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைப்பது பல இடங்களில் நடக்கிறது. அந்தத் துவாய் ஒன்று போதும், ஊர் முழுக்கக் காய்ச்சல் பரவ. பழைய பருத்திச் சேலையைக் கைக்குட்டை அளவில் கிழித்துப் பிள்ளைக்கு ஒன்று என்று வைத்து, மாலையில் வெந்நீரில் சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். காசு செலவில்லை. ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்த கையோடு அடுத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாது. சவர்க்காரத்துக்கு இந்தக் கிருமி நிற்காது. அதைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சவர்க்காரம் பட்டால் எண்ணெய்ச் சட்டி கழுவுப்படுவதுபோல் உறை கரைந்து கிருமி செத்துப்போகும். தேய்ப்பது இருபது விநாடியாவது இருக்க வேண்டும். கதவுப் பிடி, விளையாட்டுச் சாமான் போன்ற வழவழப்பான பொருள்களில் இந்தக் கிருமி ஒரு நாள், இரண்டு நாள்கூட இருக்கும். மாலையில் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஜன்னல் விஷயம் உங்களுக்குச் சிரமம். பனிக்காலத்தில் திறந்துவைக்கச் சொன்னால் எங்களைத்தான் ஏசுவீர்கள்! விடியற்காலையில் வேண்டாம். வெயில் ஏறின பிறகு, பதினொரு மணியளவில் இரண்டு பக்கமும் திறந்துவிட்டு ஒரு மணித்தியாலம் காற்று ஓடவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சல் எல்லாமே இன்புளுவன்சா என்று நினைத்துவிடக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின் ஒரு காய்ச்சல் வந்து சில உயிர்கள் போயின. மர்மக் காய்ச்சல் என்று சனம் பயந்தது. பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அதற்கு மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால் பிழைக்கலாம். டெங்குவும் அப்படித்தான், நாள் தவறினால் ஆபத்து. சேற்றிலும் கானிலும் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அதைச் சொல்லியே மருந்து கேட்க வேண்டும். எந்தக் காய்ச்சலானாலும் மூன்றாம் நாளும் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சலம் போவது குறைந்தால், விட்ட காய்ச்சல் திரும்பக் கடுமையாக வந்தால் மூன்று நாளெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே போங்கள். கர்ப்பிணி என்றால் முதல் நாளே போக வேண்டும். இன்புளுவன்சாவுக்கென்று உள்ள மருந்தை இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பேச்சு முடிந்த பிறகு சிலர் கேட்ட கேள்விகளையும் பதில்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

"நான் வரலன்னா புள்ளைகள யாரு பாக்குறது?" என்று ஓர் ஆயா கேட்டார். நல்ல கேள்வி. காய்ச்சல் வந்த பிறகு ஆள் தேடினால் கிடைக்காது. காய்ச்சல் காலம் தொடங்கும் முன்பே, ஓய்வுபெற்ற ஆயா ஒருவரோ, பிள்ளை வளர்த்துப் பழகிய ஒருவரோ, மாற்று ஆளாக இன்னார் என்று பெயர் எழுதி வைக்கச் சொன்னோம். தோட்டத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று அவர் சந்தேகப்பட்டார். தாய்மார் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்று பக்கத்தில் இருந்தவரே சொல்லிவிட்டார்.

"கொத்தமல்லித் தண்ணி குடிச்சா போகாதா?" என்பது இன்னொரு கேள்வி. குடியுங்கள். இஞ்சித் தேத்தண்ணியும் குடியுங்கள். தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர் சேரும். கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அதேபோல் அந்தக் கலர் கப்சியூல் இரண்டு தாங்கோ என்று மருந்து கொடுக்கிறவரை நெருக்க வேண்டாம். அவை வைரஸ் கிருமிக்கு வேலை செய்யாது. சளி நெஞ்சில் இறங்கி வேறு கிருமி சேர்ந்தால் டொக்டர் பார்த்துத் தருவார்.

பால் கொடுக்கிற தாய்க்குக் காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்துவதா என்று கடைசியாக ஒருவர் கேட்டார். நிறுத்த வேண்டாம். பாலால் இந்த நோய் போகாது, நோயை எதிர்க்கிற சத்துத்தான் பாலோடு போகும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூக்கையும் வாயையும் மூடிக்கட்டிக்கொண்டு கொடுங்கள். கொடுத்து முடிந்ததும் பிள்ளையைச் சுகமாக உள்ள ஒருவர் வைத்திருக்கட்டும்.